எதிர்வீட்டிலிருந்து வந்த எள்

என் மருமகளின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரை என் மகன் எழுதுவதுதான் முறை. "உங்களுக்குத்தான் எழுத வரும், நீங்களே எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். மருமகளை வீட்டில் 'அவள்' என்றே சொல்லிப் பழகியவன் நான். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். முன்பே பழகியிருக்கலாம்.

மருமகள் கர்நாடகத்தில் மாலூருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்தவர். படிப்பு முடித்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த இடத்தில் என் மகனைச் சந்தித்தார். இரு வீட்டாரும் பேசி மணம் முடித்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். தமிழாசிரியர் வேலைக்காக ஓசூருக்கு அருகே பாகலூர் வந்து, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவன் நான். எங்கள் தெருவில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசப்படும். என் வாசலுக்குள் தமிழ் மட்டும் என்பது நான் வைத்த விதி.

பண்டிகைகளுக்கும் நானே விதி வைத்தேன். கார்த்திகைக்கு அகல் எந்த இடத்தில், பொங்கலுக்கு முன்தினம் வாசலில் காப்புக் கட்டும்போது வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் எந்த மூலையில், மார்கழிக் கோலத்தில் வண்ணப்பொடி ஏன் கூடாது என்பதெல்லாம் என் முடிவு. என் மனைவி முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் மறுத்துப் பேச ஆள் இல்லை.

மருமகள் வந்த முதல் பொங்கலுக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து என் அண்ணன் குடும்பத்தார் வந்திருந்தார்கள். அன்று மாலை மருமகள் பட்டுச்சேலை கட்டி, தட்டு நிறையப் பொட்டலங்களோடு உள்ளேயிருந்து வந்தார். வறுத்த வெள்ளை எள், வெல்லத் துண்டு, கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்தது. மேலே அவர் தாயார் கொடுத்தனுப்பிய சர்க்கரை அச்சுகள், கிளியும் மீனுமாக. சங்கராந்தி அன்று இதை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதும், தின்றவர்கள் வருடம் முழுக்க ஒருவருக்கொருவர் நல்லதையே பேசிக்கொள்வதும் கன்னட வீடுகளின் வழக்கம்.

"தட்டுல என்னம்மா?" என்றார் அண்ணன்.

"எள்ளு, பெரிய மாமா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துட்டு வந்துடறேன்."

"எள்ளா? நல்ல நாளும் அதுவுமா?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "எள்ளு எதுக்கு எடுப்பாங்கன்னு தெரியுமாம்மா? நாங்கெல்லாம் இன்னும் உசுரோடதான் இருக்கோம்."

எல்லோரும் சிரித்தோம். மருமகளும் கூடச் சிரித்தார். பிறகுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது. தட்டை உள்ளே எடுத்துப் போனார். அது மறுபடி வாசலுக்கு வரவில்லை.

நான் எள்ளுருண்டை தின்று வளர்ந்தவன். பாகலூருக்கு வந்த நாளிலிருந்து கன்னட வீடுகளில் கொடுத்த அதே பொட்டலத்தை வாங்கித் தின்றவன். அவர்கள் வீட்டிலிருந்து வரலாம், என் வீட்டிலிருந்து போகக் கூடாது என்று நினைத்தேன். வாத்தியார் வீடு கன்னடக்காரர் வீடாகிவிட்டது என்று சொந்த ஊரில் பேசுவார்களோ என்ற பயத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மருமகள் தமிழ் எழுத்தைத் தம் மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் படித்துக் கற்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த எனக்கு, வீட்டில் ஒருவர் கற்க உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லை. மகன் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபோது, ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போனார். தை மாதம் அங்கே வேலை அதிகம். முள் கீறிய கையோடு வந்து, நான் சொன்ன இடத்தில் காப்புக் கட்டி, நான் சொன்ன கோலத்தைப் போட்டார். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

வருடந்தோறும் சங்கராந்தி மாலையில் எதிர்வீட்டு ஜெயம்மா எங்களுக்கு எள் கொண்டுவருவார். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒருமுறை மருமகளிடமே சொன்னேன்: "ஜெயம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா. கொஞ்சங்கூட கருகல பாரு."

"ஆமா மாமா. பொறுமையா வறுப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு சிறுநீரகம் பழுதாகிப் பெங்களூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். போன மார்கழியில் எங்களைப் பிரிந்தார். அடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் வாசலில் கோலம் இல்லை. அன்று மாலை ஜெயம்மா வெறுங்கையோடு வந்து நின்றார்.

"இந்த வருஷம் எள்ளு இல்ல மேஷ்ட்ரே." கன்னடத்தில் வாத்தியாரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"துக்க வீடு. குடுக்க மாட்டீங்கன்னு தெரியும்மா."

"அதுக்கில்ல. எங்க வீட்லயே கலக்கல. கலக்கறவ போயிட்டாளே."

"கலக்கறவளா? யாரும்மா?"

"நான் வறுத்தா கருகிடும் மேஷ்ட்ரே. வருஷா வருஷம் உங்க மருமகதான் எங்க அடுப்புல வறுப்பா. மொத பொட்டலத்த 'இது மாமாவுக்கு'ன்னு தனியா வெச்சிடுவா. அதுல மட்டும் கொப்பரை பொடிசா இருக்கும். உங்களுக்குப் பல்லு சரியில்லைல்ல."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா தின்னிருப்பீங்களா?"

நல்லதையே பேசிக்கொள்வோம் என்று மருமகள் கொடுத்ததை வருடந்தோறும் தின்றிருக்கிறேன். பதிலுக்கு நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அந்தக் கைப்பக்குவத்தைப் பற்றியது. அதையும் ஜெயம்மாவின் பெயரில் சொன்னேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது என் மகன் எள்ளும் நீரும் இறைத்து முடித்திருப்பான். எள் எதற்கு எடுப்பார்கள் என்று கேட்ட நான் அவன் அருகில் உட்கார்ந்திருப்பேன்.

இன்றோடு துக்க ஆண்டு முடிகிறது. பொங்கலுக்கு வாசலில் என்ன செய்வது என்று பேத்தி கேட்டாள். "உங்கம்மா இருந்தா என்ன பண்ணியிருப்பா?" என்றேன். "அம்மாவா? நீங்க சொன்னதப் பண்ணியிருப்பாங்க" என்றாள். அதனால் இம்முறை நான் எதையும் சொல்லவில்லை. காப்பும் கட்டுவாளாம், வண்ணக் கோலமும் போடுவாளாம். எள் எங்கள் அடுப்பில்தான் வறுபடும். ஜெயம்மாவுக்கு வெல்லம் நறுக்கும் வேலை மட்டும்.

நேரம் காலம் பாராமல் பெங்களூருக்கு வண்டி ஓட்டிய எங்கள் தெருத் தம்பிக்கும், இரத்தம் கொடுத்த ரோஜாப் பண்ணைப் பெண்களுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் தங்கிய மாலூர் சம்பந்தி வீட்டாருக்கும், ஒரு அடுப்பை எங்கள் மருமகளுக்காக ஒதுக்கி வைத்த ஜெயம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சங்கராந்தி மாலையில் என் பேத்தி தட்டோடு உங்கள் வீடுகளுக்கு வருவாள். காவேரிப்பட்டினத்துக்கு மறுநாள் வருவோம். பை தூக்க நானும் வருகிறேன். எள் எதற்கு என்று கேட்கத் தோன்றினால் அவளைக் கேட்க வேண்டாம். பின்னால் நான்தான் நின்றுகொண்டிருப்பேன்.