பேட்டரியில் ஓடிய சாமி

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டில் மழை எப்போது வரும் என்று சொல்லும் உரிமை ஊர்க்கவுண்டர் செங்கோடனுக்கு மட்டும்தான் இருந்தது. கோயிலில் பூக் கேட்பார். சாமியின் வலப்பக்கப் பூ விழுந்தால் வெயில், இடப்பக்கம் விழுந்தால் மழை. அவர் சொல்லாமல் சாமைக் கதிரைக் களத்தில் பரப்பவும் கூடாது, அள்ளவும் கூடாது. மீறினால் ஒரு வள்ளம் சாமை அபராதம்.

உலகச் சண்டை தொடங்கிய வருஷம் சர்க்கார் அந்த நாட்டுக்கு ஒரு ரேடியோப் பெட்டி கொடுத்தது. அது கவுண்டர் வீட்டில் உட்கார்ந்தது. பாட்டு முடிந்து வானிலைச் சேதி தொடங்கியதும் அவர் ஊரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அன்றிலிருந்து சாமி வாக்கு ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை. சாமிக்கு வயது ஏற ஏறப் புத்தியும் ஏறுகிறது என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கண்ணாயி போட்டுக்கொள்ளவில்லை. புருஷனை இழந்தவள். ஒரு சரிவுக்காட்டில் விளையும் சாமைதான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் வருஷச் சோறு. பெட்டியின் பேட்டரியைத் தலையில் சுமந்து அடிவாரத்துக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருவது அவள் வேலை. பேட்டரி அடிவாரத்தில் இருக்கும் நாட்களில் சாமி பூப் போட மறுப்பதை அவள் கவனித்திருந்தாள். சொன்னால் யார் கேட்பார்கள்?

சேலத்து மில்லில் வேலை பார்த்துத் திரும்பிய சின்னுசாமி, அதே நாட்டிலிருக்கும் தன் ஊருக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று மனு எழுதினான். கவுண்டர் கையெழுத்துப் போட வேண்டும். சாமி உத்தரவு வேண்டும் என்றார். பூ விழவில்லை. அடுத்த வருஷமும் விழவில்லை. மூன்றாம் வருஷம் ரேடியோ ஆபீஸ் அதிகாரி தானே மலையேறி வருவதாகச் சொல்லியனுப்பினார். ஒரு பெட்டி இருப்பதால்தானே இன்னொன்று கேட்கிறார்கள் என்று கவுண்டர் யோசித்தார். பெட்டியால் சாமி கோபமாயிருக்கிறது, இந்த நாட்டுக்கு ரேடியோவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபீசுக்கும் ஒரு தொல்லை விட்டது. பெட்டியை அடிவாரத்துக்குச் சுமந்தவளும் கண்ணாயிதான்.

அந்த அறுப்பில், கவுண்டர் விரலின் உதவியோடு வலப்பக்கப் பூ விழுந்தது. எட்டு நாள் வெயில் என்றார். நாடே சாமையைப் பாறைக்களத்தில் பரப்பியது. மூன்றாம் நாள் கிழக்கே கறுத்தது. கண்ணாயி அவரிடம் போனாள்.

"ஏனுங்க, பெட்டி இல்லாம சாமி எப்படிங்க சொல்லுச்சு?"

"போ கண்ணு. சாமிக்குப் பெட்டி எதுக்கு?" என்றார். அவர் கண் மட்டும் வானத்தைவிட்டு இறங்கவில்லை.

அது அவளுக்குப் போதும். பெண்களைக் கூட்டிப்போய், ஊர் வாய்பிளந்து பார்க்க, தன் சாமையை அடித்துத் தூற்றி வீட்டுக்குச் சுமந்தாள். பொழுது இறங்கியதும் மழையும் இறங்கியது. ஐந்து நாள் விடவில்லை. களத்திலேயே சாமை முளைவிட்டது.

பஞ்சாயத்து கூடியது. கவுண்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாயி கட்டுப்பாட்டை மீறியதால்தான் மழை வந்தது என்று தீர்ப்பானது. ஒரு வள்ளம் அபராதம். அவள் கொண்டுவந்து கொட்டினாள்.

"அளந்துக்குங்க. சாமிக்குப் பொங்கல் வைக்க இந்த நாட்டுல காஞ்ச சாமை இது மட்டுந்தானுங்க."

மறுவாரம் சின்னுசாமியின் மனுவுக்குப் பூக் கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் விழுந்தது. ஆபீசிலிருந்தும் அதே வேகத்தில் பதில் வந்தது: அந்த நாட்டில் ரேடியோ சேவை மூடப்பட்டுவிட்டது, நாட்டாரே வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த விதைப்புக்கு முன், விதைச் சாமை கேட்டுக் கண்ணாயி வாசலில் முதலில் வந்து நின்றவர் ஊர்க்கவுண்டர். அவள் முறத்தை எடுக்கவில்லை.

"பூக் கேட்டுட்டு வாங்க," என்றாள்.