புகை மறைக்காத விண்மீன்

1987 ஜூன் ஒன்பதாம் தேதி பெங்களூரிலிருந்து வந்த கடிதத்தைக் கொளஞ்சியப்பன் மூன்று முறை படித்தார். பிறகு உறையையும் விரித்து, தபால் முத்திரை தெரியும்படி கடிதத்தோடு சேர்த்துத் தைத்துவைத்தார்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பதினைந்து ஆண்டுப் பணி. கரும்புச் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, கருவியின் துளை வழியே பார்க்க வேண்டும். உள்ளே ஓர் ஒளிவட்டம் இரு பாதியாகத் தெரியும். ஒன்று மங்கல், மற்றொன்று வெளிச்சம். திருகைத் திருப்பி இரண்டையும் சமமாக்கினால், நின்ற இடத்து எண்ணிலிருந்து சாற்றின் சர்க்கரை அளவு தெரியும். ஒளியில் இம்மி வேறுபாட்டையும் விடாமல் பிடிக்க அந்தக் கண் இப்படித்தான் பழகியது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மனிதர். பழைய புத்தகங்களைப் பார்த்து, ஆறு அங்குலக் கண்ணாடியைத் தாமே தேய்த்து, போர்வெல் குழாயில் பொருத்தித் தொலைநோக்கி செய்துகொண்டார். 1979 முதல் அதில் அவர் கவனித்துவந்தது ஒரே ஒரு விண்மீனை. வேட்டைக்காரன் மண்டலத்தில் இருக்கும் அந்த இளம் விண்மீன், காரணம் தெரியாமல் திடீரென்று மங்கும். சில நாளில் மீளும்.

பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் சந்தியா என்ற வானியலாளர் இத்தகைய விண்மீன்களை ஆராய்வதாகச் செய்தித்தாளில் படித்திருந்தார். இளம் விண்மீனைச் சுற்றித் தூசி தட்டையாகச் சுழல்கிறது; அந்தத் தூசி திரண்டுதான் கோள்கள் உண்டாகின்றன; அதிலுள்ள திரள்கள் குறுக்கே வரும்போது விண்மீன் மங்கலாமோ என்பது சந்தியாவின் கேள்வி. கொளஞ்சியப்பன் எட்டு ஆண்டு அளவுகளையும் முத்துமுத்தாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அதற்குத்தான் இந்தப் பதில். "தாங்கள் குறித்துள்ள பதினொரு மங்கல்களும் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்டவை. அது தங்கள் ஊரில் கரும்பு அரைக்கும் பருவம். ஆலைப் புகையும் காய்ந்த கரும்புச் சோகை எரிக்கும் புகையும் பயிற்சி பெறாத கண்ணை ஏமாற்றியிருக்கக்கூடும். இவற்றைப் பயன்படுத்த இயலாமைக்கு வருந்துகிறேன்."

பயிற்சி பெறாத கண் என்ற சொல் அவரைச் சுட்டது. மனைவி ராஜாம்பாள் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

"எட்டு வருசமா தூக்கத்தக் கெடுத்துக்கினு இந்தப் பொகையத்தான் பாத்துக்கினு இருந்தீங்களா? அடுப்பாண்ட வந்து குந்தியிருந்தா நானே காட்டியிருப்பேனே!"

அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே புகைதானோ என்ற ஐயம் அவருக்கே வந்துவிட்டது. எட்டு ஆண்டு வாழ்க்கை அந்த ஐயத்தில் தொங்கியது. தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. செப்டம்பரில் அந்த விண்மீன் விடியலுக்கு முன் கிழக்கே ஏறிவிடும். ஆலை அப்போது ஓடாது. கல்வராயன் மலையில் சோகைப் புகையும் கிடையாது.

செப்டம்பர் பதினாறாம் தேதி நான்கு நாள் விடுப்பில் வெள்ளிமலை பேருந்தில் ஏறினார். கரும்பு வெட்டக் கீழே வரும் பழக்கத்தில் தெரிந்த கண்ணாயிரம், சாமைக் காட்டில் பன்றிக் காவலுக்குப் போட்டிருந்த பரண் பக்கத்தில் இடம் கொடுத்தார். மறுநாளே இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. பேருந்துகள் நின்றன. இறங்க வழியில்லை.

முதல் விடியலில் விண்மீன் வழக்கம்போல் இருந்தது. மறுநாள் மேகம். அடுத்த இரண்டு நாளும் மாற்றமில்லை. பொழுதுபோகாத கண்ணாயிரமும் தினம் ஒருமுறை கண் வைத்து, அந்த விண்மீனையும் அதன் பக்கத்து விண்மீனையும் பார்த்தார். ஐந்தாம் விடியலில் விண்மீன் மங்கியதுபோல் கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது. தன் கண்ணை அவர் நம்பத் தயாராக இல்லை.

"கண்ணாயிரம், வந்து பாரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு புள்ளில எது வெளிச்சம்?"

கண்ணாயிரம் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இடது பக்கத்துக்காரன். நேத்து வரைக்கும் வலது பக்கத்தவன்தான சார் பெரியாளு? இன்னா, அவனுக்கு மட்டும் எண்ணெ தீந்துபோச்சா?"

கண்ணாயிரம் சொன்னதைக் கொளஞ்சியப்பன் அப்படியே குறிப்பேட்டில் எழுதி, நேரம் போட்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்தார். 'அவனுக்கு மட்டும்.' இரண்டும் அடுத்தடுத்த புள்ளிகள். புகை வந்தால் இரண்டையும் சேர்த்தல்லவா மறைக்கும்?

பக்கத்து விண்மீனோடு ஒப்பிடாமல் அவர் ஒரு நாளும் எண் போட்டதில்லை. அந்த ஒப்பீடு அத்தனையும் வீட்டில் பெட்டிக்குள், கச்சாக் குறிப்பேடுகளில் கிடந்தது. ஆலையில் தலைமை வேதியியலாளருக்கு முடிவு எண் மட்டும்தான் போகும். கணக்குப்போட்ட வழியை மேலே அனுப்பினால், தன் எண்ணைத் தானே சந்தேகப்படுவதாக ஆகும். அந்தப் பழக்கத்தில் பெங்களூருக்கும் வெறும் முடிவை எழுதிவிட்டார். அவர் ஒப்பிட்டுப் பார்த்தது சந்தியா அம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

மறுநாளே குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நடையாக இறங்கினார். வடக்கனந்தல் அருகே சாலைக்குக் குறுக்கே மறியலுக்கு வெட்டிப்போட்ட புளியமரம் கிடந்தது. இளைஞர் கூட்டம் அவரை மடக்கியது.

"யோவ் பெரியவரே, இன்னா அது? மறியல்ல போர்வெல் போடப் போறியா?"

நடந்ததைச் சொன்னார். ஒருவன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். "அங்கியாவது எங்களுக்கு எடம் ஒதுக்குவாங்களா?"

"அங்க இன்னும் ஊரே உண்டாவலப்பா. இப்பத்தான் மண்ணு சேந்துகினு இருக்குது."

சிரிப்பு எழுந்தது. தமிழழகன் என்ற பையன் மட்டும் சிரிக்கவில்லை. மதிப்பெண் இருந்தும் கல்லூரியில் இடம் கிடைக்காதவன். மறியலில் போலீஸ் சுட்ட செய்தி வந்ததிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை என்றார்கள். "எட்டு வருசம் எழுதனத ஒரு காகிதத்துல இல்லன்னுட்டாங்களா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் குழாயின் ஒரு முனையைப் பிடித்து, மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிவிட்டான்.

குறிப்பேடுகளை வரி வரியாகப் படியெடுக்கப் பதினொரு நாள் ஆனது. கண்ணாயிரத்தின் வாக்குமூலத்தையும் சேர்த்து அக்டோபர் ஐந்தாம் தேதி அனுப்பினார்.

சந்தியாவின் பதிலில் நான்கு தேதிகள் மட்டும் இருந்தன. "இந்த இரவுகளுக்கான அசல் பக்கங்களையே அனுப்ப முடியுமா? காரணத்தைப் பிறகு சொல்கிறேன்." பரீட்சை என்று கொளஞ்சியப்பனுக்குப் புரிந்தது. ஒன்றில் மேகம்; ஒன்றில் மைத்துனர் கல்யாணம். இரண்டிலும் 'பார்க்கவில்லை' என்றே எழுதியிருந்தது. மூன்றாவதில் மாற்றமில்லை. நான்காவதான 1985 பிப்ரவரி பன்னிரண்டுதான், அந்த எட்டு ஆண்டுகளிலேயே விண்மீன் மிக மங்கிய இரவு. நான்கு பக்கங்களையும் பிரித்து அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் நீண்ட கடிதம் வந்தது. விண்மீனின் ஒளி எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கிறது என்பதைச் சந்தியா அளந்துவந்தார். விண்மீன் மறைபட்டு, சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறிய ஒளி மேலோங்கும்போது அந்த அளவு கூடும். பிப்ரவரி பன்னிரண்டில் அது நம்ப முடியாதபடி கூடியிருந்தது. கருவிக் கோளாறு என்று அந்த அளவை அவரே ஒதுக்கிவைத்திருந்தார்.

"நான் என் கண்ணையும் நம்பவில்லை, உங்கள் கண்ணையும் நம்பவில்லை. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அங்கே கோள்கள் உண்டாகின்றனவா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தூசி இருக்கிறது என்று இனி நாம் இருவரும் சொல்லலாம். அடுத்த முறை மங்கினால் உடனே தந்தி கொடுங்கள்; தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்புகிறேன்."

டிசம்பரில் ஆலை அரவை தொடங்கி, புகைபோக்கி ஊரெல்லாம் கரி தூவிய ஒரு காலையில், கொளஞ்சியப்பன் தபால் நிலையத்துக்கு ஓடினார். தந்திப் படிவத்தைக் கண்டதும் எழுத்தர் கந்தசாமிக்கு முகம் வெளுத்தது.

"சார்... வூட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. அங்க ஏதோ பொறக்குதான்னு பாத்துக்கினு இருக்கோம்."

"பொறந்துடுச்சா?"

"இன்னும் சில லட்சம் வருசம் ஆவும்."

"அதுக்கு எதுக்கு சார் தந்தி? கார்டு போதாதா?"

"தந்திதான்யா. அந்தம்மா இன்னிக்கி ராத்திரியே பாக்கணும்."

கந்தசாமி படிவத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தந்திக் கருவியில் தட்டத் தொடங்கினார்.