பிரிஜெட் வளைத்துப் பார்த்த நாற்காலி

கேக்கோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பூனைப் பிரிஜெட் வளைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தது. "பழைய மாலு, உருக்கின சரக்கு" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பூன் இரண்டாகிவிட்டது.

"இது மூணாவது. சும்னே இருக்க மாட்டியாக்கா?" என்றாள் பேக்கரி காந்தா.

சும்மா இருக்கத்தான் பிரிஜெட்டுக்கு வராது. அவள் குடியிருக்கும் நீலசந்திராவில் தெருமுனையில் தலை காட்டினாலே கடைக்காரர்கள் பிளாஸ்டிக் வாளிகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பஸ்ஸில் முன்சீட்டின் முதுகைச் சுண்டி, அது போன பிறவியில் பேட்டரிப் பெட்டியா பினாயில் டப்பாவா என்று சொல்லிவிடுவாள். ஒரு கண்டக்டரின் பல்செட்டைக்கூடச் சுண்டிப் பார்க்கக் கை நீட்டினாளாம். அவர் இன்றுவரை அந்த ரூட்டில் வாயே திறப்பதில்லை.

ஆனேக்கல் சாலையில் நாற்காலி வார்க்கும் கம்பெனியில் பதினேழு வருடமாகத் தரம் பார்க்கிறாள். உடைசல் வாளிகளை அரைத்து உருக்கிய குருணையைப் புதுக் குருணையோடு கலந்து அச்சுக்குள் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு முறை உருகும்போதும் பிளாஸ்டிக்குக்குக் கொஞ்சம் உயிர் போகும். பளபளப்பு மட்டும் போகாது. "மூஞ்சியப் பாத்து ஏமாறாதீங்க, முட்டியப் பாருங்க" என்று நாற்காலிக் காலைத் தட்டுவாள்.

இந்த வாரம் மேனேஜர் சஞ்சய் பழைய குருணையைப் பாதிக்குப் பாதி ஆக்கியிருந்தான். ஓர் ஆஸ்பத்திரிக்கு முந்நூறு நாற்காலிகள். மெஷினிலிருந்து விழுந்த சூட்டோடு மணல்மூட்டையை ஏற்றிப் பார்த்து, பாஸ் என்று எழுதிவிட்டான்.

"சூட்டுல எல்லாந்தான் சார் வளையும், தோசைகூடச் சுருளும். ஆறட்டும், அப்பத் தெரியும்" என்று பிரிஜெட் ஒரு நாற்காலியை ஒதுக்கி வைத்தாள். இன்று காலை அதே மூட்டையை ஏற்றியதும் அதன் பின்னங்கால் விரிசல் விட்டுக்கொண்டது.

"ஒரு பீஸ் அப்படித்தான்க்கா இருக்கும். லாரி நிக்குது. இன்னொரு தடவ சரக்க நிறுத்தினா மொதலாளி உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாரு. டீ குடிச்சுட்டு வந்து சைன் பண்ணுங்க" என்றான் சஞ்சய்.

அந்த டீதான் காந்தாவின் கடையில் ஆடை கட்டிப்போய் இருந்தது. பிரிஜெட் எழுந்தாள்.

லாரி உறுமிக்கொண்டிருந்தது. அவள் சஞ்சய் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. லாரியிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, அவன் எதிரே போட்டு, துப்பட்டாவால் துடைத்தாள்.

"ஒக்காருங்க சார். நல்லா சாஞ்சு ஒக்காருங்க. நான் சைன் போடுறேன்."

லோடு ஏற்றியவர்கள் சிரித்தார்கள். சஞ்சய் தொண்ணூறு கிலோ, ரோஷம் தனி. இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு இறங்கினான். இருக்கை முனகியது.

சட்டென்று பிரிஜெட்டின் கை பாய்ந்து, அவன் விழுந்துவிடாதபடி புஜத்தைப் பிடித்தது.

அரைகுறையாக உட்கார்ந்தபடி சஞ்சய் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு திரும்பாமலே, "டிரைவர், இஞ்சின அணைங்க" என்றான்.

லாரி அடங்கிய பிறகும் அவள் பிடி தளரவில்லை.