பிசகு பார்க்கும் கண்ணாடி

யாராவது நடிகர் கையெழுத்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், மணியனின் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பையில் ஒன்றும் இல்லை. வெறும் பையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "கண்ணாடி இப்ப நம்ம கைவசம் இல்லீங்க" என்கிறார். வந்தவர் லேசில் விடுவதில்லை. சும்மா பார்த்துச் சொன்னால் போதும் என்கிறார். "கண்ணாடி வெச்சுப் பாத்தே நாம கிழிச்சது ஊருக்கே தெரியுமுங்க. வெறுங்கண்ணுல வேற பாக்கோணுமா?" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடுகிறவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. மயிலோ மாங்காயோ, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து, தறியில் ஏறுகிற துளை அட்டைக்கு மாற்றிக் கொடுப்பார். நெய்து வரும் மாதிரித் துணியின் மேல் தீப்பெட்டி அளவு மடக்குக் கண்ணாடியை விரித்து வைத்து, ஒற்றைக் கண்ணால் இழை எண்ணுவார். முதல் பூவும் நூறாவது பூவும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓர் இழை மாறினாலும் 'பிசகு' என்று எழுதிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். இந்தப் புத்தி வேலையோடு நின்றால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்த பெண்களின் முந்தானையில் பிசகு தேடி, ஒருமுறை வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து அவர் மனைவி பெரியநாயகி, எந்தப் பந்தியானாலும் அவரைச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வைக்கிறார்.

கையெழுத்துப் பார்க்கிற வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. பதினேழு வயதில் நடிகர் கதிர்வேந்தனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாற்பத்திரண்டு நாள் கழித்து, கையெழுத்தோடு ஒரு படம் தபாலில் வந்தது. சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டினார். ரசிகர் மன்றத்து ஆட்கள் எந்தக் கையெழுத்தைக் கொண்டுவந்தாலும், கண்ணாடியை முதலில் தன் படத்தின் மேல் வைப்பார், பிறகு வந்ததன் மேல் வைப்பார். இழைக்கு இழை ஒத்துப்போனால் அசல். வளைவு ஒரு மயிரளவு மாறினாலும் போலி. சேலைக்குச் சரியாக இருக்கிற கணக்கு கையெழுத்துக்கு மட்டும் தப்பாகுமா என்ன? தீர்ப்பைத் தாளின் பின்பக்கம் சிவப்பில் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போடுவார். அவரிடம் இதுவரை யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்காமலே கொடுக்க அவருக்கு அமைந்த ஒரே இடம் அதுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன், அடுத்த தெரு ஜானகியம்மாள் ஒரு நாள்காட்டித் தாளோடு வந்தார். வீட்டில் மிஷின் வைத்து, தறி நாடாவுக்குள் போகும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறவர். கொல்லிமலைக்குப் போகும் வழியில், சேந்தமங்கலத்து டீக்கடையில் கதிர்வேந்தனைப் பார்த்திருக்கிறார். கையில் தாள் இல்லை. கடைக்காரர் அன்றைய தேதியைக் கிழித்துக் கொடுக்க, காரின் மேல் வைத்து 'ஜானகி அக்காவுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் நடிகர். வீட்டுக்கு வந்து சொன்னால், நாத்தனார் குப்பாயி நம்பவில்லை. மணியன் பார்த்துச் சொல்லட்டும், நம்புகிறேன் என்றுவிட்டார்.

மணியன் கண்ணாடியை வைத்தார். முதலெழுத்து சாய்ந்திருந்தது. வால் நீண்டிருந்தது. 'போலி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"என்ற கண்ணு முன்னால போட்டாருங்க" என்றார் ஜானகியம்மாள்.

"கண்ணு பொய் சொல்லுமுங்க. கண்ணாடி சொல்லாதுங்க."

இப்போது அதை நினைத்தால் மணியனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏனென்றால், அன்றோடு அந்த வீட்டில் ஜானகியம்மாளின் பேச்சுக்கு மதிப்புப் போயிற்று. ராசிபுரத்தில் மழை பெய்தது என்று சொன்னால்கூட, "இதும் சேந்தமங்கலத்துக் கதையாட்டமா அண்ணி?" என்று குப்பாயி கேட்பார். கொஞ்ச நாளில் ஜானகியம்மாள் எதையும் சொல்வதையே விட்டுவிட்டார். மணியனைத் தெருவில் கண்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

போன தை மாதம் ராசிபுரம் குணசீலன் வந்தார். மன்றத்து விழாவில் வைக்கக் கையெழுத்துப் போட்ட பழைய படங்கள் நாலு சேர்த்திருந்தார். நாலும் தபாலில் வந்தவை. மணியன் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாலும் அவர் படத்தோடு அப்படியே பொருந்தின. வாலில் மை விட்டுப்போன இடம்கூட ஒன்றுதான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாரு, அஞ்சும் அச்சு அசல்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பெரியநாயகி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அஞ்சும் ஒரே அட்டையில ஓடுன சேலையாட்டமில்ல இருக்குது? மனுசன் கைல போட்டா, அஞ்சு தடவையும் ஒரே எடத்துலயா மை வத்தும்?"

குணசீலன் போனபிறகு மணியன் ஒரு தாளில் தன் பெயரை ஐந்து முறை எழுதிக் கண்ணாடி வைத்தார். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. "நாப்பது வருசமா ரப்பர் முத்திரைக்குச் சட்டம் போட்டு வெச்சிருக்கறேன். கைல போட்டதக் கொண்டாந்தவங்களையெல்லாம் தொரத்தி உட்டிருக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்றவர்களெல்லாம் அப்புறம்தான். முதலில் நினைவுக்கு வந்தது அந்த நாள்காட்டித் தாள். அடுத்த தெருவுக்கு நாற்பது தப்படிதான். போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் முழங்கால் வலி, இரண்டாம் நாள் அவசர டிசைன். மூன்றாம் நாள் பெரியநாயகியே செருப்பை எடுத்து வாசலில் வைத்தார்.

ஜானகியம்மாள் தார் மிஷினை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே மணியன் கத்தவேண்டியிருந்தது.

"உங்களுது நெசமுங்க. என்னோடதுதான் போலி."

தெருவுக்கே கேட்டது. உள்ளே தறியில் இருந்த குப்பாயி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். மிஷின் நின்றது. ஜானகியம்மாள் உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து தாளை எடுத்துவந்து, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

"எழுதுங்க."

மணியன் 'போலி'யை அடித்துவிட்டு, 'நிஜம். பிசகு என்னுடையது' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். ஜானகியம்மாள் கையை மறுபடி நீட்டினார். கண்ணாடியைத்தான் கேட்கிறார் என்பது மணியனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. எடுத்துக் கொடுத்தார். ஜானகியம்மாள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மணியனின் பழைய கையெழுத்தின் மேல் வைத்துப் பார்த்தார், புதியதன் மேல் வைத்துப் பார்த்தார். நாத்தனாரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஏனுங்க, ரெண்டும் ஒண்ணா இல்லீங்களே. இதுல எது நீங்க போட்டதுங்க?"

மணியன் குனிந்து இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் நான் போட்டதுதானுங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்று ஜானகியம்மாள் கண்ணாடியை மடக்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, தார் மிஷினைப் போட்டார்.