மெஷின் ஏற்காத விரல்

எங்கள் அலுவலகம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஒரு லாரி உதிரிபாகக் கடையின் மாடியில் இருந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டில், மளிகைக் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எங்களுக்குப் போன் வரும். பதினோரு பேர் இங்கிருந்தபடியே அதைச் சரிசெய்வார்கள். நான் அவர்களுக்கு மேனேஜர். மேனேஜர் என்றால், கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போடச் சொல்பவன்.

பதினோரு பேரில் கெட்டிக்காரி ஒரு பெண். புதுவாயல் பக்கம் ஊர். இரும்பு வால்வுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை செய்துகொண்டே, தபாலில் டிகிரி முடித்துவிட்டு எங்களிடம் வந்தவள். நான் அரை மணி நேரம் முட்டி மோதும் கோளாறை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவாள். பிறகு என் மனம் நோகக் கூடாதென்று இன்னும் ஐந்து நிமிடம் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் சேர்ந்த இரண்டாவது வாரம், எங்களுக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. கதவில் கைரேகை மெஷின் வைக்க வேண்டும். உள்ளே போக, வெளியே வர, ரேகை வைக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ரேகை பதியாதவர்களை வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டும்.

மற்றவர்கள் பதிந்தார்கள். அவள் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். மெஷின் பத்து தடவையும் இங்கிலீஷில் மரியாதையாக மறுத்தது. தேங்காய் எண்ணெய் தடவினோம், வெந்நீரில் கழுவினோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம். மெஷினின் மரியாதை குறையவே இல்லை.

"வராது சார். அங்க வால்வு தேச்சித் தேச்சி பூட்ச்சி," என்றாள்.

காரணம் எழுத ஒரு படிவம் இருந்தது. விரல் இல்லை, விரலில் காயம், மத நம்பிக்கை, மற்றவை. நான் மற்றவையில் 'வேலை செய்ததால் தேய்ந்துவிட்டது' என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த இன்னா நோவுன்னு எழுதறது? இந்த ஏரியால பாதிப் பேரு கை இப்டித்தான்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது அவளே ஒரு வழி சொன்னாள்.

"ரேஷன் கடைல, எங்க ஊட்ல யாரு வெரலு வுழுதோ அவங்க வெச்சி வாங்கிக்கினு வந்துடுவோம் சார். இங்க அது மாதிரி வெக்கக் கூடாதா?"

கூடாதுதான். ஆனால் அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் வலது கட்டை விரல் ஏற்கெனவே என் பெயரில் இருந்தது. இடது கட்டை விரலை அவள் பெயரில் பதிந்தேன்.

அன்றிலிருந்து அவளுக்கு முன்னால் நான் வர வேண்டும், அவள் போன பிறகே நான் போக வேண்டும். அவள் டீ குடிக்கப் போனால் நான் கதவருகே நிற்க வேண்டும். காய்ச்சல் வந்த நாளிலும் போனேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எதிலும் இத்தனை ஒழுங்காக இருந்ததில்லை என்றாள் என் மனைவி. ஒருநாள்கூடத் தவறாத வருகைக்காக அந்தப் பெண்ணைப் பாராட்டி வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. என் இடது கட்டை விரல் அடக்கமாக இருந்தது.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை இன்னொரு மெயில் வந்தது. திங்கட்கிழமை எல்லோரும் வீடியோவில், அவர்கள் கண் முன்னால் ரேகை வைத்துக் கதவைத் திறந்து காட்ட வேண்டுமாம். மெயிலை இரண்டு தடவை படித்தேன். என் வேலை போய்விடும் என்பது இரண்டாவது பயம்தான். அவள் மறுபடியும் வால்வு தேய்க்கப் போக வேண்டியிருக்கும் என்பதே முதல் பயம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை, வீடியோவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அவள் பெயரிலிருந்து என் விரலை அழித்தேன்.

"இன்னொரு தடவ வெச்சுப் பாரும்மா," என்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் சொன்னேன்.

துப்பட்டாவில் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். மெஷின் ஏற்றது. மறுபடி வைக்கச் சொன்னது, மறுபடியும் ஏற்றது. கதவு திறந்தது.

எட்டு மாதம் கீபோர்டை மட்டுமே தட்டிய விரலில் ரேகை திரும்ப வளர்ந்திருந்தது. அது வளரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கம்பெனிக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரிந்திருக்கலாம், நாங்கள் கேட்கவில்லை. கதவருகே நான் நின்ற நாட்களில் எத்தனை வீண் என்று யோசித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் கண்ணும் கலங்கியது.

அவள் உள்ளே போகவில்லை. விரலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்கம்மா இன்னும் அங்கதான் சார் தேச்சிக்கினு கீது. இருவது வருசம் ஆவுது. அதுக்கும் எட்டு மாசம் லீவு குட்தா வந்துடுமா சார்?"

"வரும்மா," என்றேன்.

எட்டு மாதம் லீவு யார் கொடுப்பார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை.