தொடலிக்குக் கீழே

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி கையை இறுக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள். நான் சைன் எக்ஸை வகையிடுவேன், அதாவது அது மாறும் வேகத்தைக் கண்டுபிடிப்பேன். சைன் எக்ஸின் பெறுதி கோஸ் எக்ஸ். கோஸ் எக்ஸின் பெறுதி மறை சைன் எக்ஸ். எக்ஸுக்கு அடுக்கு இருந்தால் அடுக்கை இறக்கி முன்னால் போடு, மேலே ஒன்றைக் குறை. யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டிலில் எல்லோருமாகக் கத்திப் பாடமாக்கியது. என் படிப்பு ஏ.எல். கணிதத்தோடு நின்றுவிட்டது. அதன்பிறகு டவுன்டவுன் ரெஸ்டோரன்ட் குசினி ஒன்றில் வெங்காயத்தைத்தான் நுணுக்கமாகப் பிரித்து வருகிறேன். ஆனாலும் பயம் வந்தால் வாய் தானாக அங்கே போய்விடுகிறது. கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரித் தாதி நான் செபிக்கிறேன் என்று நினைத்து, முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள்.

பயத்துக்குக் காரணம் என் சிறுநீரகங்கள். நீரிழிவும் பிரஷரும் சேர்ந்து இரண்டையும் மெல்லத் தின்றுகொண்டிருந்தன. சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். அவை நூற்றுக்கு எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஏறக்குறைய ஓர் எண் வரும். முதலில் இருபத்தெட்டு வந்தது. அடுத்த முறை இருபத்திரண்டு. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சமையற்காரன் உப்புப் பார்க்காமல் என்ன செய்வது? ருசி பார்த்துவிட்டுச் சிங்குக்குள் துப்பத் தொடங்கினேன், பெரிய வைன் நிபுணன் மாதிரி. மெற்றோவில் சொக்ஸை இறக்கிக் கணுக்காலை விரலால் அமத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பேன். குழி விழுந்தால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீல லைனில் எனக்கு இடம் எப்போதும் தாராளம்.

இருபத்தெட்டிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கினால் நடுவில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தொட்டுக்கொண்டுதான் இறங்கியிருக்க வேண்டும். தொடர்ச்சியான சார்பு எதையும் தாண்டிக் குதிக்காது. அப்படியென்றால் என்றோ ஒரு கணம் என் சிறுநீரகம் சரியாக இருபத்தைந்தில் நின்றிருக்கிறது. இன்னொரு தேற்றம், அந்த மாதங்களின் சராசரி வேகம் என்னவோ, அதே வேகத்தில் அது இறங்கிய கணம் ஒன்று நிச்சயம் உண்டு என்கிறது. அந்தக் கணத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மீன் பொரித்திருப்பேன். யாருக்கோ பகிடி விட்டிருப்பேன். தேற்றங்களின் குணம் இது. இருக்கிறது என்று அடித்துச் சொல்லும், எங்கே என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

மூன்றாம் முறை பதினெட்டு. டொக்டர் இளம்பெண். இறங்கும் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, என்றாலும் யாராவது சிறுநீரகம் தருவார்களா என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லது என்றாள். நான் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பி வரும்போது மெற்றோவில், கூட வந்திருந்த மனைவியிடம் சொன்னேன்.

"கேட்டனீரே? இறங்கிற வேகம் குறைஞ்சிட்டுதாம்."

"இறங்கிறது நிண்டிட்டுது எண்டு சொன்னவாவே?"

"இல்லை. வேகம்தான்."

"அப்ப இறங்குதுதானே." அவள் இருட்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். "என்ர இரத்தமும் உங்கட மாதிரி ஓ குறூப்தான். நான் ஒண்டு தாறன்."

"பக்கத்து வீட்டுக்குத் தேங்காய்ப் பாதி குடுக்கிற மாதிரிச் சொல்லுறீர்."

"தேங்காய் எண்டால் நீங்கள் உடன வாங்கியிருப்பியள்."

நான் சாவதை நான் பல தடவை கற்பனை செய்திருக்கிறேன். அதில் எனக்கு நல்ல வசனங்களும் உண்டு. அவளை மேசையில் கிடத்தி விலாவுக்குக் கீழே வெட்டுவதைக் கற்பனை செய்யப் போனதில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது; செயின்ட்-மிஷேல் கடைசி ஸ்டேஷனாக இருந்தபடியால்தான் அன்று இறங்கினேன்.

அடுத்த நாள் பின்னேரமே பீற்சா விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் மூன்று புள்ளிகளையும் குறித்தேன். அவற்றைச் சேர்த்து வளையி கீறினேன். பிறகு கடைசிப் புள்ளியில் வளையியை உரசிக்கொண்டு போகும் நேர்கோட்டை, அதாவது தொடலியை, அவளுடைய இடியப்ப உரலின் பிடியை வைத்து நீட்டினேன். அந்தக் கோட்டின்படி அவசரமே இல்லை. இந்த வருடக் கோடையும் எனக்குத்தான், அடுத்த வருடக் கோடையும் எனக்குத்தான்.

அவள் கார்டெரியில் பிள்ளைகளைப் பார்த்துக் களைத்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன்.

"இஞ்ச பாரும். இன்னும் நிறையக் காலம் கிடக்கு. அதுக்குள்ள புது மருந்து வரும். உம்மட சாமானை நீரே வைச்சிரும்."

"இது எதுவரைக்கும் இப்பிடி நேரா போகும்?"

"தாள் முடியிற வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்குப் பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ. கோடு கீறாதேங்கோ." தாளை வாங்கிக் கதவடியில் விரித்து, அதன் மேல் ஈரப் பூட்ஸை வைத்தாள். ரோட்டு உப்பும் உருகிய பனியும் சேர்ந்து என் இரண்டு கோடைகளையும் மெல்ல ஊறவைத்தன.

தொடலி தொடும் இடத்திலும் அதற்கு மிக அருகிலும் மட்டும்தான் நம்பத்தக்கது. இதை நான் பதினெட்டு வயதிலேயே படித்துச் சோதனையிலும் எழுதினேன். அதைத் தாண்டி நீட்டினால் அது வளையியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, கீறியவனைப் பற்றித்தான் சொல்கிறது.

அடுத்த முறை கோடு பதினைந்து என்றது. இரத்தம் பதினொன்று என்றது.

வளையி தொடலிக்குக் கீழே போய்விட்டது. வேகம் குறைந்தது உண்மை, பிறகு கூடியதும் உண்மை. நான் ஆசையாகக் கோடு போட்ட இடம், வளைவு மாறும் புள்ளியாக இருந்திருக்கிறது. எந்த வாரத்தில், எந்தச் சாப்பாட்டில் பிழை விட்டேன் என்று டொக்டரைக் கேட்டேன். இனி அதைத் தேடிப் பயனில்லை என்றாள். அதுவும் எனக்குத் தெரிந்த தேற்றம்தான். ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் நுணுக்கமாகத் தொகையிட்டால் மிஞ்சுவது இரண்டு எண்கள், தொடங்கிய இடமும் நிற்கும் இடமும். நடுவில் தின்ற கருவாடு விடையில் வராது.

இதற்குள், என் கணக்குக்குக் காத்திராமல், மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்து, பொருந்துகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒரு நேர்காணல். தருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்பது வழக்கமாம். கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

அதற்கு முன் ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தியிருந்தார். அவளுடைய எண் இப்போது தொண்ணூறுக்கு மேல். சத்திரசிகிச்சை நடக்கும் காலையில் அது பாதிக்கு விழும். மிஞ்சும் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேலை செய்யப் பழகும், என்றாலும் பழைய இடத்துக்கு வராது. இவ்வளவு நாளும் நான் என் வளையியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒன்று இருந்தது. வளைவே இல்லாமல் பேசாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஓரிடத்தில் என்னால் ஒரு வெட்டு விழப்போகிறது. எனக்குத் தெரிந்த தேற்றங்கள் எல்லாம் தொடர்ச்சியான சார்பொன்று என்றுதான் தொடங்கும். அறுந்த இடத்தில் பெறுதி கிடையாது. சைன் எக்ஸில் தொடங்கிப் பார்த்தேன், கோஸ் எக்ஸுக்குப் போகவில்லை.

கதவு திறந்தது.

"என்ன கேட்டவை?" என்றேன்.

"உங்களில விருப்பமோ எண்டு கேட்டவை."

"என்ன சொன்னனீர்?"

"அது வேற கேள்வி, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டு சொன்னன்."

பிறகு இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்ட பெண் என்னிடம் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள். உங்கள் மனைவிக்கு இதில் என்ன ஆபத்து என்று விளங்கிக்கொண்டீர்களா? விளங்கியும் ஏற்றுக்கொள்கிறீர்களா?

இந்த இடத்துக்கென்று ஒரு பகிடி தயாராக வைத்திருந்தேன். இருபது வருடக் கலியாணத்தில் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் ஒன்றையாவது திருப்பித் தருகிறாள் என்பது மாதிரி ஒன்று. வாயைத் திறந்தேன்.

"ஓம்," என்றேன்.

கேள்வி கேட்டவளுக்குத் தமிழ் விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தாள்.

"வீ எண்டு சொல்லுறார்," என்று மனைவி தமிழுக்கு நடுவில் பிரெஞ்சு 'ஓம்' ஒன்றை வைத்து அவளிடம் சொன்னாள். சொல்லும்போது மனைவியின் இடது கை, விலாவுக்குக் கீழே, குளிருக்குப் போட்டிருந்த கோட்டைப் பொத்திப் பிடித்திருந்தது.