சொட்டச் சொட்ட நிற்பவர்களும் சுற்றுகிற வட்டமும்

குற்றாலத்தில் சாரல் காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். நான் கவுன்டரில் உட்காரும் லாட்ஜில் அதோடு கம்ப்யூட்டரும் அணைந்துவிடும்; அதற்கென்று இருந்த பேட்டரி படுத்து ரொம்ப நாளாகிறது. கரண்ட் வந்ததும் ரூம் போடுகிற புரோகிராமைத் திறந்தால், திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அருவியில் குளித்துச் சொட்டச் சொட்ட நிற்பவர்கள் எவ்வளவு நேரம்தான் வட்டத்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளே? எதிர் லாட்ஜுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் புரோகிராமை எழுதியது என் மூத்த மகள். தென்காசியில் படிப்பை முடித்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏட்டி, ஒம் புரோகிராம் கல்யாண வீட்டுக்குக் கிளம்புத மாதிரில்லா கிளம்புது. சனிக்கிழமை கூட்டம் வரும். அதுக்குள்ள சரியாகலைன்னா பழைய சாவிப் பலகையை மாட்டிருவேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேம்ப்பா. ரூம், துண்டு, வாளி, எண்ணெய்க் குளியல்னு எல்லாக் கணக்கும் டேட்டாபேஸ்ல தனித்தனி அட்டவணையா இருக்கு. அதைப் புரோகிராமுக்குப் புரியுத மாதிரி மாத்திக் கொடுக்க நடுவுல ஒரு ஆள் இருக்கு. மேப்பிங்னு பேரு. அது எல்லா அட்டவணையையும் பொருத்திப் பார்த்துட்டுத்தான் கதவையே திறக்குது."

"ரூம் கேட்டு வந்தவனை வாசல்ல நிறுத்திட்டு, உள்ள போயி வாளியை எண்ணுத மாதிரியா?"

"அதேதான். எல்லாம் வரணும்னு அண்ணாச்சி சொன்னாரு. நானும் எல்லாத்தையும் முதல்லயே வரவச்சுட்டேன்."

ரூம் மட்டும் முதலில் வரட்டும், மற்றவை கேட்கும்போது வரட்டும் என்று மாற்றி எழுதினாள்.

சனிக்கிழமை அண்ணாச்சி சாவிப் பலகையைத் தூசி தட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். சிவகிரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ஈரத்தோடு வந்து நிற்க, சரியாக அந்நேரம் கரண்ட் போய், வந்தது. புரோகிராமைத் திறந்தேன். மகள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டம் சுற்றத் தொடங்கியதுமே ரூம் பக்கம் வந்துவிட்டது. மளமளவென்று சாவிகளைக் கொடுத்தேன்.

அப்போது ஒருவர் எண்ணெய்க் குளியலுக்குக் கேட்டார். அந்தப் பக்கத்தை அமுக்கினேன். பழைய வட்டம் மறுபடி சுற்றியது. அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"முதல் தடவை தொடும்போது மட்டும் கொஞ்சம் நேரமாகும் அண்ணாச்சி," என்றாள் மகள்.

அண்ணாச்சி அந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் கையில் சாவியோடு, சாவகாசமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய்க்கு வந்தவன் நிப்பாம்ட்டி. ஈரத்தோட வந்தவன்தான் நிக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டு, சாவிப் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்வே, அந்தப் பேட்டரியையும் மாத்திப் போட்டா என்ன?"

போன சீசனிலிருந்து நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.